முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு ரவுண்டு: எந்த நாள், எத்தனை ஹோல்?

கல்யாணப் பத்திரிகை வந்ததும் கோல்ஃப் ஆடும் நண்பர்கள் முதலில் பார்ப்பது மண்டபம் எந்த ஊர் என்பதைத்தான். கொழிஞ்சாம்பாறையா, சித்தூரா, வேலந்தாவளமா (எல்லாம் பாலக்காட்டுப் பக்கத்து எல்லை ஊர்கள்)? அப்படியானால் கோவை செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் விடியக்காலையில் ஒரு ரவுண்டு முடித்துவிட்டு நேரே மண்டபத்துக்குப் போய்விடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆரம்பித்து வைப்பார். பத்து நிமிடத்தில் நாலு பேர் சரி சொல்லியிருப்பார்கள். பத்திரிகையை இன்னும் இரண்டு வரி கீழே யாரும் படித்திருக்க மாட்டார்கள். அங்கே முகூர்த்தம் காலை 7.30 – 9.00 என்று இருக்கும்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கல்யாணம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல். மாப்பிள்ளையும் கூட்டாளிகளும் காலையில் 18 ஹோல் (18 குழி, அதாவது ஒரு முழு ரவுண்டு) ஆடிவிட்டு, குளித்து, கோட்டு மாட்டிக்கொள்ள அங்கே தாராளமாக நேரம் இருக்கிறது. அந்த வழக்கத்தை அப்படியே வாளையார் எல்லைக்குக் கொண்டுவந்தால், கெட்டிமேளம் கொட்டும்போது நாம் 6வது கிரீனில் (குழியைச் சுற்றிய புல்தரையில்) நின்றுகொண்டிருப்போம். இந்தப் பக்கத்தில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழிகள் நாலு: முதல் நாள் காலை 18 ஹோல், கல்யாண நாள் காலை 9 ஹோல், ரேஞ்சில் (அடித்துப் பழகும் திடலில்) ஒரு மணி நேரம் மட்டும், தாலி கட்டி முடிந்தபின் சாயங்காலம் 9 ஹோல். முழு ரவுண்டு வேண்டும் என்பவர்களுக்கு முதல் நாளை விட்டால் வேறு நாள் கிடையாது. கல்யாண நாள் காலை என்பது 10.30க்கு மேல் முகூர்த்தம் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் எல்லா மாதத்திலும் நடக்காது.

முதலில் பஞ்சாங்கம்

கொங்குப் பக்கத்து முகூர்த்தம் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத் துண்டுகளாக வரும்: 6 – 7.30, 7.30 – 9, 9 – 10.30, 10.30 – 12. எந்தக் கிழமைக்கு எது வாய்க்கும் என்பதை ராகு காலமும் எமகண்டமும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 – 6, எமகண்டம் 12 – 1.30. ஆக, காலை முழுக்கத் திறந்து கிடக்கிறது, தாலி 6 மணிக்கும் ஏறலாம், 11.30க்கும் ஏறலாம். வெள்ளிக்கிழமை 10.30 – 12 ராகு காலம். அன்றைக்குக் கல்யாணம் என்றால் அநேகமாக 10.30க்குள் எல்லாம் முடிந்துவிடும், காலை ரவுண்டை மறந்துவிடலாம். திங்கட்கிழமை 7.30 – 9 ராகு காலம், 10.30 – 12 எமகண்டம். எனவே மிச்சம் 6 – 7.30, இல்லாவிட்டால் 9 – 10.30. புதன், வியாழன், சனியில் 10.30 – 12 கிடைக்க இடமுண்டு.

மலையாளக் குடும்பத்துக் கல்யாணம் என்றால் கணக்கு வேறு. ஜோசியர் குறித்துக் கொடுத்தபடி '10.40க்கும் 11.20க்கும் மத்தியில்' என்று நிமிடக் கணக்கில் பத்திரிகையில் போட்டிருப்பார்கள். தாலிகட்டு அரை மணி நேரத்துக்குள் முடிந்து, கூட்டம் சத்யை விருந்துக்கு இலை பிடிக்கப் போய்விடும். நம் பக்கத்துக் கல்யாணத்தில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவர்கூட ஆசீர்வாத வரிசையில் நின்று அட்சதை போட்டுச் சமாளித்துவிடலாம். நாயர் கல்யாணத்துக்கு முக்கால் மணி தாமதமாக வந்தால் கல்யாணத்தையே பார்க்காதவர்தான். கோல்ஃப் ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். பாலக்காட்டு அய்யர் வீட்டுக் கல்யாணத்தில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் எல்லாம் முகூர்த்தத்துக்கு முன்னால் நடப்பவை. நண்பனை மாமன்மார் தோளில் தூக்கி மாலை மாற்றுவதைப் பார்க்க வேண்டுமென்றால் முகூர்த்த நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும்.

முதல் நாள் காலை, 18 ஹோல்

எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கம் 18 ஹோல் மைதானம் செட்டிபாளையத்தில் இருக்கிறது. நாலு பேர் ஒரு ஃபோர்பாலாக (ஆளுக்கு ஒரு பந்து) நடந்து ஆடினால் நாலு முதல் நாலரை மணி நேரம். 6.30க்கு டீ எடுத்தால், அதாவது தொடங்கும் இடத்திலிருந்து முதல் அடி அடித்தால், 11 மணிக்குள் கடைசி பட் (குழிக்குள் தட்டும் அடி). குளித்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, 5 மணிக்கு மண்டபத்துக்குக் கிளம்பினால் மாப்பிள்ளை அழைப்புக்கும் வரவேற்புக்கும் சரியாக இருக்கும். கடிகாரம் துரத்தாமல் 18 ஹோலும் ஆட ஒரே வழி இதுதான்.

இதில் வரும் சிக்கல் கோல்ஃபில் இல்லை, நட்பில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முதல் நாள் நண்பர்கள் என்றால் கூப்பிட்ட குரலுக்கு வரும் ஆட்கள் என்று அர்த்தம். போத்தனூரிலோ பாலக்காடு ஜங்ஷனிலோ இறங்கும் பெரியம்மாவைக் கூட்டிவர வேண்டும், பூ வந்ததா என்று பார்க்க வேண்டும், ஃபிளெக்ஸில் பெண்ணின் பெயர் தப்பாக இருந்தால் ஓட வேண்டும். இதெல்லாம் காலை 10 மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், அப்போது நீங்கள் 13வது ஹோலில் இருப்பீர்கள். அதனால் நாலு பேர் குழுவில் ஒருவரை ஆட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு மூன்று பேராக ஆடுவது புத்திசாலித்தனம். நேரமும் அரை மணி குறையும், மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஃபோனில் ஓர் ஆள் கிடைப்பார். ஆட்டத்தில் இருப்பவர்களிலும் ஒருவருடைய ஃபோன் மட்டும் அதிர்வில் இருந்தால் போதும். 'எங்க கண்ணு இருக்கற?' என்று பெரியப்பா கேட்டால் நாலு பேரும் நாலு பதில் சொல்லக் கூடாது.

மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போகலாமா? காப்பு கட்டியாயிற்று என்றால் கூடாது. அதற்குப் பிறகு ஊர் எல்லை தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதை 18 ஹோலுக்காக உடைக்கச் சொல்லி நிற்பது நண்பர்களுக்கு அழகல்ல. காப்புக்கு முன்னால் என்றால் ஆடட்டும், ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, வலதுகைக்காரர் இடதுகையில் கையுறை போடுகிறார். நாலரை மணி நேர வெயிலில் வலதுகை மட்டும் கறுத்து, இடதுகை வெளுத்து நிற்கும். மறுநாள் பாணிக்கிரகணப் படத்தில் அது பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு அடிக்கும் நடுவே கையுறையைக் கழற்றிவிட வேண்டும், இரண்டு கைக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீனை 20 நிமிடம் முன்னதாகவே பூசி, 9 ஹோல் முடிந்ததும் மறுபடி பூச வேண்டும். தொப்பியின் கோடு நெற்றியில் விழுவதும் இதே கதைதான். இரண்டு, புது ஷூ வேண்டாம். 18 ஹோல் என்பது சுற்றி வளைத்து எட்டு, ஒன்பது கிலோமீட்டர் நடை. குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தால் மறுநாள் அம்மி மிதிக்கும்போதும் அக்கினியைச் சுற்றி வரும்போதும் வெறும் காலோடு நொண்ட வேண்டியிருக்கும்.

சித்திரை, வைகாசிக் கல்யாணம் என்றால் 11 மணி வெயிலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆளுக்கு 9 ஹோலுக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது கணக்குக்குச் சரி, அந்த மாதங்களில் இரண்டு மடங்கு வேண்டும். நடுவில் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ ஒரு டம்ளர். சாயங்காலம் வரவேற்பில் தலைவலியோடு நிற்பவர்கள் பெரும்பாலும் காலையில் தண்ணீர் குடிக்காதவர்கள்தான்.

கல்யாண நாள் காலை, 9 ஹோல்

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான், கவிழ்வதும் இதில்தான். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஏனென்று புரியும். கொழிஞ்சாம்பாறையில் மண்டபம், முகூர்த்தம் 10.30 – 12 என்று வைத்துக்கொள்வோம். 10.15க்கு வாசலில் சந்தனம் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். செட்டிபாளையத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம் வைத்து, லாரி வரிசைக்கும் மண்டபத்து வாசலில் கார் நிறுத்தவும் 20 நிமிடம் சேர்த்தால், கிளப்பை விட்டு 8.55க்குக் கிளம்ப வேண்டும். குளித்து, வேட்டி சட்டை மாற்ற நாலு பேருக்கு 35 நிமிடம் (குளியலறை நாலு இருக்காது). கேடிக்கு (பை சுமந்து வருபவருக்கு) பணம் கொடுத்து, பையை வண்டியில் ஏற்ற 10 நிமிடம். அதாவது கடைசி பட் 8.10க்குள் விழ வேண்டும். ஃபோர்பால் 9 ஹோலுக்கு இரண்டு மணி பத்து நிமிடம் என்றால் முதல் அடி சரியாகக் காலை 6 மணிக்கு.

இப்போது சூரியனைக் கேட்க வேண்டும். வைகாசி, ஆனியில் இந்தப் பக்கம் சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கு உதிக்கிறது, அதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே பந்து போகும் திசை தெரியும். கணக்கு இடிக்காமல் நிற்கிறது. ஆவணியில் உதயம் 6.15 வாக்கில், நெருக்கடி. தை மாதக் கடைசியில் உதயம் 6.45ஐத் தொட்டுவிடும். 6.35க்கு முன்னால் அடித்தால் பந்து எங்கே விழுந்தது என்றே தெரியாது. அதே ஃபோர்பால், அதே மண்டபம், அதே முகூர்த்தம். ஆனால் தையில் 10.50க்குத்தான் வாசலுக்கு வருவீர்கள். முகூர்த்தம் 12 வரை இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் எந்த நிமிடம் தாலி என்பதை வாத்தியார்தான் முடிவு செய்வார், அவருக்கு அடுத்த மண்டபமும் இருக்கலாம்.

தையில் இதைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. பந்துகளைக் குறைப்பது. இரண்டு பேர் மட்டும் ஆடினால் 9 ஹோல் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி முடியும். நாலு பேரும் ஆட வேண்டுமென்றால் ஃபோர்சம்ஸ் ஆடுங்கள். ஜோடிக்கு ஒரே பந்து, இருவரும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒருவர் ஒற்றைப்படை ஹோல்களில் டீ அடிப்பார், மற்றவர் இரட்டைப்படை ஹோல்களில். ஒருவர் டீயில் நிற்கும்போதே கூட்டாளி முன்னால் நடந்து பந்து விழும் இடத்தில் நிற்கலாம். மைதானத்தில் இரண்டு பந்துதான் என்பதால் வேகம் ஏறக்குறைய இரண்டு பேர் ஆடுவது போலவே வரும். நம்மூர் கிளப்புகளில் இதை யாரும் விரும்பி ஆடுவதில்லை, காசு கொடுத்துப் பாதி அடிதானா என்று கேட்பார்கள். கல்யாணக் காலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. புதிதாக ஆடுகிறவர் ஒருவர் இருந்தால் ஸ்கிராம்பிள் போடச் சொல்வார்கள். எல்லோரும் அடித்து, நல்ல பந்தைத் தேர்ந்தெடுத்து, மறுபடி எல்லோரும் அங்கிருந்து அடிப்பது. கூத்தாக இருக்கும், ஆனால் ஃபோர்சம்ஸ் அளவுக்கு வேகம் வராது.

தனித்தனியாகத்தான் ஆடுவோம் என்றால் ஸ்டேபிள்ஃபோர்டு எண்ணிக்கை வையுங்கள். பார் (அந்த ஹோலுக்கு வகுத்த அடி எண்ணிக்கை) என்றால் 2 புள்ளி, போகி (ஓர் அடி கூடுதல்) 1, அதற்கு மேல் போனால் 0. ஹேண்டிகேப் (திறமைக்கேற்பத் தரும் அடிச் சலுகை) கழித்த பிறகு புள்ளி வராது என்று தெரிந்த நிமிடமே பந்தைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். பந்து தேட 2019 விதிப்படி 3 நிமிடம்தான், முன்பிருந்த 5 நிமிடத்தை இன்னும் பலர் பழக்க தோஷத்தில் ஆடுகிறார்கள். புதருக்குள் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், 'புரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அங்கேயே இரண்டாவது பந்தை அடித்துவிட்டுப் போங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டத்தில் உள்ள பந்தாகிவிடும். அதையும் மறந்துவிட்டால், திரும்ப டீக்கு நடக்க வேண்டாம். பந்து தொலைந்த இடத்துக்கு நேராக ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள புல்பாதை) ஓரத்தில் இரண்டு தண்டனை அடியோடு இன்னொரு பந்தைப் போட்டு ஆட, கிளப்புகள் வைத்துக்கொள்ளக்கூடிய உள்ளூர் விதியும் 2019இலிருந்து இருக்கிறது. நண்பர்களுக்குள் ஆடும்போது முதல் டீயிலேயே பேசி வைத்துக்கொண்டால் போதும்.

முதல் ஆளாகப் போவதில் ஓர் இடைஞ்சல் பனி. விடியற்காலை கிரீனில் புல் அறுக்கும் வண்டி இன்னும் ஓடியிருக்காது, ஒவ்வொரு புல் நுனியிலும் நீர் நிற்கும். பட் உருளும்போது பந்து நீரை அள்ளிக்கொண்டே போகும், பின்னால் கோடு விழும். 10 அடிக்குச் சரியென்று தட்டியது 7 அடியில் நிற்கும். குழிக்கு நாலு அடி பின்னால் இன்னொரு குழி இருப்பதாக நினைத்துத் தட்டுங்கள், பக்கவாட்டு வளைவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். முன்னால் ஆடியவரின் கோடு கண்ணுக்கு நேராகத் தெரிவது ஒரு வரம், அந்தப் பக்கமாக உங்கள் பட் இருந்தால் பாடம் இலவசம். ஈரமான ஃபேர்வேயிலிருந்து அடிக்கும் அயர்ன் (இரும்பு மட்டை) அடி வேறு விதமாக ஏமாற்றும். பிளேடுக்கும் பந்துக்கும் நடுவில் தண்ணீரும் புல்லும் மாட்டிக்கொள்வதால் சுழற்சி குறைந்து, பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும். கொடிக்கு நேராக எறிவதைவிட, கிரீனின் முன்பாதியில் விழும்படி அடிப்பது நல்லது. கையுறை இரண்டு வேண்டும். முதலாவது நாலாவது ஹோலிலேயே நனைந்து வழுக்க ஆரம்பிக்கும். கிரிப் துடைக்க ஒரு சின்னத் துண்டைக் குடைக்குள் உலர்வாகத் தொங்கவிடுங்கள்.

அன்றைக்கு வண்டியின் டிக்கியில் இருக்க வேண்டியவை: ஹேங்கரில் மாட்டி மேலே பிளாஸ்டிக் உறை போட்ட சட்டை, வேட்டி (வெல்க்ரோ வைத்தது என்றால் ஐந்து நிமிடம் மிச்சம்), சொந்தத் துண்டு, செருப்பு, உலர்ந்த உள்ளாடை, ஈர ஷூவையும் சாக்ஸையும் கட்டிப்போட ஒரு பெரிய பாலித்தீன் பை. வெள்ளை வேட்டிக்குப் பக்கத்தில் செம்மண் அப்பிய ஷூவை வைத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மொய்க் கவரையும் நகையையும் மட்டும் வண்டியில் விட வேண்டாம். யாராவது ஒருவர் நேரே மண்டபத்துக்கு வருவார், அவரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

கூட ஆடும் தோழிகளுக்கு இந்த வழி பெரும்பாலும் சரிப்படாது. பட்டுச் சேலை கட்டி, தலை உலர்த்திப் பின்னி, பூ வைக்க 35 நிமிடம் எங்கே போதும்? ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். மேலே போட்ட கணக்கில் அந்த 40 நிமிடத்தைக் கழித்துப் பாருங்கள், வைகாசியில்கூட நிற்காது.

மண்டபம் பாலக்காடு டவுனில் என்றால் பயணத்துக்கு இன்னும் ஒரு கால் மணி கூட்ட வேண்டும். மதுக்கரையிலிருந்து வாளையார் வரை காட்டை ஒட்டிய சாலை. அதைத் தாண்டினால் பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடி, அப்புறம் கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வண்டிகள். நாலு வழிச்சாலைதான், ஆனால் காலை 9 மணிக்கு அது எல்லோருக்கும் நாலு வழிச்சாலை. பாலக்காட்டிலிருந்து விடியலுக்கு முன் கிளம்பி செட்டிபாளையம் வருகிறவர்கள் வாளையார் – எட்டிமடை பகுதியில் யானை நடமாட்டம் இருப்பதை நினைவில் வைத்து நிதானமாக ஓட்டுவது நல்லது. 6 மணி டீ என்பதற்காக 5 மணிக்கு இருட்டில் பறக்க வேண்டியதில்லை.

ரேஞ்ச் மட்டும்

முகூர்த்தம் 9 – 10.30, மண்டபம் ஈச்சனாரி, சுந்தராபுரம் பக்கம். இப்படி வாய்த்தால் ஒரு மணி நேரம் ரேஞ்சும் பட்டிங் கிரீனும் போதும். 50 பந்து வாங்கி, 15 வெட்ஜ் (குட்டை அடிக்கான மட்டை), 20 ஏழாம் எண் அயர்ன், 10 டிரைவர் (நீண்ட அடிக்கான மட்டை), மிச்சம் 5ஐக் கடைசியில் வெட்ஜிலேயே முடித்து உடம்பைத் தளர்த்துங்கள். பிறகு 20 நிமிடம் பட்டிங், ஆளுக்கு நூறு ரூபாய் பந்தயம் கட்டினால் ஆட்டம் போலவே சுவாரஸ்யம் வந்துவிடும். ஷூ நனையாது, பந்து தொலையாது, நினைத்த நிமிடம் கிளம்பலாம். கோல்ஃப் ஆடாத நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஒரே வழி இதுதான். ரேஞ்ச் எத்தனை மணிக்குத் திறக்கிறது, பந்து கொடுக்க ஆள் இருப்பாரா என்று முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும்.

தாலி கட்டிய பிறகு

யாருக்கும் முதலில் தோன்றாத வழி இது. 6 – 7.30 முகூர்த்தம் என்றால் 9 மணிக்குப் பந்தி முடிந்து, 11 மணிக்கு மண்டபமே காலியாகத் தொடங்கும். வெளியூரிலிருந்து வந்த நண்பர்கள் ராத்திரி ரயிலுக்காக அறையில் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்கு 3.45க்கு ஒரு டீ டைம் எடுத்தால் 6 மணிக்குள் 9 ஹோல் முடியும், பனி இல்லை, கடிகாரம் இல்லை, வேட்டி இல்லை. காலை டீ எல்லாம் உறுப்பினர்களுக்குப் போய்விடும் ஞாயிற்றுக்கிழமையில்கூட மதியத்துக்கு மேல் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கல்யாணச் சாப்பாட்டுக்கும் முதல் டீக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். பாயசம் இரண்டு டம்ளர் ஏறிய வயிற்றோடு முதுகைத் திருப்பி டிரைவர் வீசினால் முதல் மூன்று ஹோல் வீண்.

ஒரே குறை காற்று. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத் திறப்பு. ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று அதற்குள் நெருக்கிக்கொண்டு வந்து கோவைப் பக்கம் கொட்டும். காலை 8 மணி வரை அடங்கியிருப்பது மதியத்துக்கு மேல் தொப்பியைப் பறிக்கும். எதிர்க்காற்றில் பலமாக அடிக்க அடிக்கச் சுழற்சி கூடிப் பந்து மேலே ஏறி நின்றுவிடும். இரண்டு எண் நீளமான கிளப்பை (மட்டையை; 7க்குப் பதில் 5) எடுத்து, ஓர் அங்குலம் கீழே பிடித்து, முக்கால் வீச்சில் தாழ அடியுங்கள். தை, மாசியில் காற்று கிழக்கிலிருந்து வரும், அப்போது அதே ஹோல் தலைகீழாக ஆடும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வழியை நம்ப வேண்டாம். கோவைக்கு மழை கொட்டும் மாதங்கள் அவை, வழக்கமாக மதியத்துக்கு மேல் இடியோடு வரும். இடி கேட்டால் கிளப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

குமரி எல்லையும் மூணாறும்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்துக் கல்யாணங்களுக்குக் கைக்கெட்டும் மைதானம் திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கிறது. பழைய கிளப், 9 ஹோல். கல்யாணக் காலைக்கு 9 ஹோல் மைதானம் ஒரு விதத்தில் உதவி, 'இன்னொரு 9 போடலாமா' என்ற சபலத்துக்கு இடமில்லை. இரண்டாவது சுற்றுக்கு மறுபடி முதல் டீயில் வரிசையில் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணங்கள் நிறைய. ஆராதனை 10.30, 11 மணிக்கு என்றால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும், மாலை 4 மணிக்கு என்றால் காலையில் நிம்மதியாக ஆடலாம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை நெரிசலுக்காகப் பயணத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆனியில் இங்கே கோவை போலச் சாரல் இல்லை, மழையே பெய்யும்.

போடியில் கல்யாணம், மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பில் ஒரு ரவுண்டு என்று சிலர் திட்டம் போடுவார்கள். அதே காலையில் நடக்காது. போடிமெட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு, மொத்தப் பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல், வாந்தி வேறு. கல்யாணமே மூணாறில் என்றால் தாராளமாக ஆடலாம், 9 ஹோல் மைதானம். சுமார் 5,000 அடி உயரத்தில் காற்று லேசானது, பந்து ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். 150 யார்டுக்கு எடுக்கும் கிளப் 159க்குப் போகும். ஆனால் காலைக் குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். மார்கழி, தையில் உறைபனி விழுந்த காலைகளில் வெயில் ஏறும்வரை கிரீனில் கால் வைக்கக் கூடாது. உறைந்த புல்லை மிதித்தால் அந்தத் தடம் பல நாள் கறுத்து நிற்கும். அதனால் 7 மணி டீ 8.30 ஆகிவிடலாம், முகூர்த்தக் கணக்கில் அதையும் சேருங்கள்.

கிளப்புக்குப் போன் பண்ணும்போது

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே கிளப் அலுவலகத்தைக் கூப்பிட்டு இவற்றைக் கேளுங்கள். விருந்தினருக்கு உறுப்பினர் யாராவது அறிமுகம் தர வேண்டுமா, ஹேண்டிகேப் சான்று கேட்பார்களா, அன்றைக்கு உள் போட்டி ஏதும் இருக்கிறதா? ஞாயிறு காலை போட்டி என்றால் முதல் டீ 9 மணி வரை அடைபட்டுக் கிடக்கலாம். சில கிளப்புகள் திங்கட்கிழமை பராமரிப்புக்காக மூடியிருக்கும். முதல் டீ நேரம் உங்களுக்குக் கிடைக்குமா என்பதை அழுத்திக் கேளுங்கள். இரண்டாவது, மூன்றாவது குழுவாகப் போனால் முன்னால் போகும் பெரியவர்களின் வேகம்தான் உங்கள் வேகம், ஃபோர்சம்ஸ் ஆடியும் பயனில்லை. 10வது டீயிலிருந்து தொடங்கவிடுவார்களா என்று கேட்டால் சில இடங்களில் சரி என்பார்கள். காலர் வைத்த டி-ஷர்ட் வேண்டும், ஜீன்ஸ் கூடாது, உலோக முள் வைத்த ஷூ கூடாது என்பவை ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் பொது. குளியலறையில் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள், தை மாதத்தில் இது சின்ன விஷயமில்லை.

கிரீன் கட்டணம் (மைதானத்தில் ஆடக் கொடுப்பது) வார இறுதியில் கூடும். கேடி பல இடங்களில் கட்டாயம், கேடிக் கூலி அதில் சேராது. அதைச் சில்லறை நோட்டாக முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை 8.10க்கு, வேட்டி மாற்ற ஓடும் நேரத்தில், நாலு கேடிகளுக்கு நடுவில் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது.